தண்டனைக்கு டபுள் டூட்டி

எங்கள் செக்‌ஷனில் தீபாவளிக்கு யாருக்கு எந்த ஷிப்ட் விழும் என்று ஆடி மாதமே கேட்டாலும் சொல்லிவிடுவேன். காகிதம் வேண்டாம், விரல் போதும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன் நான். படிப்பு பத்தாவது. அதிலும் கணக்குப் பரீட்சையை மூன்று தரம் எழுதித்தான் தேறினேன். இருந்தாலும் ஷிப்ட் கணக்கு என்று வந்தால் பர்மனென்ட் ஆள்களும் கான்ட்ராக்ட் ஆள்களும் என்னிடம்தான் வருவார்கள். "அண்ணே, பொண்ணு காதுகுத்து அன்னைக்கு எனக்கு என்னா ஷிப்ட்டு?" என்பார்கள். நான் கண்ணை மூடி, முருகா என்று ஒரு தரம் சொல்லி, விரல்களை மடக்கி நீட்டி, "செகண்ட் ஷிப்ட்டு. காலையிலயே காது குத்திடு" என்பேன். ஒரு தடவையும் தப்பியதில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், அப்போது கடலூர் ஜெயிலில் இருந்தான். கம்மாபுரம் பக்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு. வாய்ச் சண்டையோடு நின்றிருந்தால் ஊரில் நாலு பேர் பேசி முடித்திருப்பார்கள். இவன் மண்வெட்டிக் காம்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள்ளேயே போய்விட்டான். அவருடைய கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க அவரால் முடியாது. தப்பு எங்கள் பக்கம்தான் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. விளக்கேற்றும்போது மச்சானுக்காக வேண்டிக்கொண்டால் அந்தக் கைக்காகவும் வேண்டிக்கொள்வேன்.

அடித்ததற்கு நான்கு வருஷம், வீடு புகுந்ததற்கு இரண்டு வருஷம். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஆக ஆறு வருஷம். மேல்முறையீடு போட்டோம். ஜாமீன் கேட்டோம், கிடைக்கவில்லை. அவன் மனைவியும் ஒரே பெண்ணும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்கள். மச்சான் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. பெண் எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணுக்குத்தான் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு இவளைப் பிடித்துவிட்டது, இவளுக்கும் அவரை. அப்பா ஜெயிலில் இருப்பதை மறைக்காமல் சொன்னோம். அதற்கு அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இவள்தான் ஒரு கட்டளை போட்டாள்.

"எங்கப்பா கையப் புடிச்சுத் தாரை வார்த்துக் குடுக்காம எனக்குக் கல்யாணம் வாணாம் மாமா."

அவர்களும் சரி என்று ஒரு வருஷம் பொறுத்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "வருவாரு வருவாருன்னா எப்ப வருவாருங்க? ஒரு தேதி சொல்லுங்க. தேதியில்லாம எத்தினி நாளைக்கு என் புள்ளைய நிறுத்தி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எங்களிடம் தேதி இல்லை. ஆறு வருஷம் முடிய இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நாள் எந்தத் தாய் பொறுப்பாள்? சம்பந்தம் கைநழுவிப் போகிற நிலைமை.

இந்த நேரத்தில்தான் ஆவணி மாதத்தில் ஒரு நாள் வக்கீலின் குமாஸ்தா போன் பண்ணினார். செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். கற்பூரத் தட்டு ஒரு கையில், போன் ஒரு கையில்.

"ஐகோர்ட்டுல தீர்ப்பு ஆயிடுச்சுங்க. தண்டனை உறுதிதான். ஆனா ஏககாலத்துல அனுபவிக்கணும்னு மாத்திட்டாங்க."

"ஏககாலம்னா என்னாங்க?"

"ரெண்டு தண்டனையும் ஒரே நேரத்துல ஓடும்ங்க. தனித்தனியா இல்ல. வக்கீல் கூப்புடுறாரு, அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டார். நான் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டும் ஓடும் என்றால் என்ன? எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. பிடிபட்டது என்று நினைத்தேன்.

சுரங்கத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை என்றால் நம்மையே நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். பகலும் நாம்தான், சாயங்காலமும் நாம்தான். அதற்குப் பெயர் டபுள் டூட்டி. வருகைப் பதிவில், நாங்கள் மஸ்டர் என்போம், அன்றைக்கு ஒரே ஆளுக்கு இரண்டு விழும். உடம்புக்குக் கழிவது ஒரு நாள், பதிவில் ஏறுவது இரண்டு நாள். மச்சான் ஜெயிலில் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த நாலு வருஷத்தில் ஒரு நாள், இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள் என்று இரண்டு நாளாகக் கழிகிறது! மொத்தம் ஆறு வருஷம். ஒரு நாளைக்கு இரண்டு நாள் என்று கழித்தால் மூன்று வருஷம். அவன் உள்ளே போய் இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிவிட்டது. பாக்கி ஐந்து மாதம்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தை பிறந்தால் மச்சான் வெளியே.

நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி இரண்டு தரம் சரிபார்த்தேன். விடை இரண்டு தரமும் ஒன்றாகவே வந்தது. தப்பான வழியில் எத்தனை தரம் போட்டாலும் அதே விடைதான் வரும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் மூன்று பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பெண் தமிழ் படித்தவளாயிற்றே, சொல்லைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏகம்னா ஒண்ணு. ஏககாலம்னா ஒரே காலம் மாமா."

"அதத்தானே நானும் சொல்றேன் கண்ணு. ஒரே காலத்துல ரெண்டு டூட்டி."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு மனமில்லை என்பதை நான் பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். என் மனைவிக்குத்தான் சந்தேகம்.

"வக்கீலாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்து சொல்லுங்களேன்."

"வக்கீலுக்கு டபுள் டூட்டியப் பத்தி என்னா தெரியும்? அவரு என்னைக்காவது மைன்ஸ்ல எறங்கியிருக்காரா?"

"ஒங்க தம்பியா இருந்தா ரெண்டு தபா கேட்டிருப்பீங்க" என்றாள். அது என்னைச் சுட்டது. சுட்ட கோபத்தில் இன்னும் உறுதியாகிவிட்டேன். அன்று சாயங்காலமே செக்‌ஷனில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஒருத்தனும் மறுக்கவில்லை. டபுள் டூட்டி என்றதும் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் மட்டும், "அப்ப சி-ஆஃப் உண்டாண்ணே?" என்று கேட்டான். அதிகம் பார்த்த வேலைக்குப் பதிலாகக் கொடுக்கிற லீவு அது. "ஜெயில்ல சி-ஆஃப் எல்லாம் குடுக்க மாட்டாங்கடா" என்று பெரிய மனுஷனாகப் பதில் சொன்னேன்.

அந்த வார ஓய்வு நாளில் கடலூருக்குப் பஸ் ஏறினேன். ஜெயிலில் இருப்பவரைப் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் மனு பார்ப்பது என்று பெயர். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கூப்பிடுவார்கள். நடுவே கம்பி வலை. அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர். எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூச்சலில் நானும் கத்தினேன்.

"மச்சான்! தை மாசம் நீ வெளிய!"

"என்னா மாமா சொல்றீங்க?"

"டபுள் டூட்டிடா! ஐகோர்ட்டுல டபுள் டூட்டி போட்டுட்டாங்க!"

அவனும் கொஞ்ச காலம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தவன். உடனே புரிந்துகொண்டான். வேறு யாராவது இருந்திருந்தால் என்ன உளறுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். இவன் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினான். "தீர்ப்பப் பத்தி ஆபீஸ்ல கேட்டேன் மாமா, ஆர்டர் வந்தாத்தான் சொல்லுவோம்ன்றாங்க" என்றான். "வர்றப்ப வரட்டும், கணக்கு நான் போட்டுட்டேன்" என்றேன். பக்கத்தில் நின்று தன் மகனைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "ஐயா, என் புள்ளைக்கும் போட்டுப் பாருங்கய்யா" என்றார். அவருக்கும் போட்டுச் சொன்னேன். அந்தப் பாவம் இன்னும் என் தலையில் இருக்கிறது. அந்த அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய் மாசி மாதத்தில் முகூர்த்தம் குறித்தோம். சம்பந்தி அதிகம் பேசாத மனிதர். கரும்பு விவசாயம். "நிச்சயமாத் தெரியுமாங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முருகன் மேல ஆணையா" என்றேன். சத்தியம் பண்ணக்கூடாது என்று எத்தனையோ தரம் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. வேலுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் பால்குடம் எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டேன். மச்சான் தையில் வந்துவிடுவான், நான் பங்குனியில் பால்குடம். எனக்கும் சாமிக்கும் நடுவில் எல்லாம் சீராக ஓடும் என்று நினைத்தேன்.

ஐகோர்ட் தீர்ப்பு ஜெயிலுக்கு நேரே பறந்து வந்துவிடாது. நகல் எழுதி, கீழ்க்கோர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து புது உத்தரவாகத்தான் ஜெயிலுக்குப் போகும். அதுவரை ஜெயில் பதிவேட்டில் பழைய ஆறு வருஷம்தான் நிற்கும். அந்த மூன்று நான்கு மாத இடைவெளியில் உலகத்தில் ஒரே ஒரு விடுதலைத் தேதிதான் இருந்தது. அது நான் போட்டது.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டுப் பொங்கல் பிரசாதத்தோடு வருவேன். மனசெல்லாம் நிறைந்திருந்தது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அந்தப் பத்திரிகையைக் காட்டத்தான் ஜெயிலுக்குப் போனேன். வலைக்கு அந்தப் பக்கம் மச்சான் வந்து நின்றான். கத்தவில்லை. நான் பத்திரிகையை வலையில் வைத்து அழுத்திக் காட்டினேன். அவன் அதை முழுக்கப் படித்தான். தன் பெயர் இருந்த இடத்தில் கண் நின்றது.

"மாமா, ஆர்டர் வந்துடுச்சு. ஆபீஸ்ல தேதி போட்டாங்க."

"தை எத்தனாந் தேதி?"

"ஆடி, மாமா. ஆடி கடைசி."

"யாருடா போட்டது? தப்புடா அது. இரு, நான் பேசறேன்."

பேசத்தான் போனேன். தண்டனைக் கணக்கு எழுதுகிறவர் எதிரே என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட வயதான மனிதர். நெற்றியில் என்னைப் போலவே விபூதி. அதைப் பார்த்ததும் தைரியம் வந்து என் டபுள் டூட்டிக் கணக்கை முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "எங்க இருந்து வர்றீங்க?" என்றார்.

"நெய்வேலிங்க."

"நெய்வேலியில வடலூர் பஸ்ஸும் கடலூர் பஸ்ஸும் ஒரே நேரத்துல கெளம்புதுன்னு வைங்க. வடலூர் பஸ் வடலூர்ல நின்னுடும். கடலூர் பஸ்ஸு?"

"கடலூர் வரும்ங்க."

"நீங்க ரெண்டு பஸ்ஸுலயும் ஒரே நேரத்துல உக்காந்திருக்கீங்க. வடலூர்ல ஒண்ணுல இருந்து எறங்கிட்டீங்க. இன்னொண்ணுல கடலூர் வந்துதான எறங்கணும்? பஸ்ஸு ரெண்டுன்றதால கடலூர் பக்கத்துல வந்துடுமா?"

ஆயிரம் தரம் போய்வந்த பாதை. வடலூரும் தெரியும், கடலூரும் தெரியும். இரண்டு வருஷம் வடலூர், நான்கு வருஷம் கடலூர். பெரிய தண்டனை முடிகிற வரைக்கும் இருந்தே ஆக வேண்டும். சின்னது அதற்குள் அடங்கிவிடும். இவ்வளவுதான் ஏககாலம்.

"அப்ப நாலு வருஷம்னா அடுத்த வருஷத் தைக்கில்லங்க வரணும்? ஆடின்னு போட்டிருக்கீங்களே" என்று கேட்டேன். தப்புக் கண்டுபிடிக்கிற ஆசை அப்போதும் எனக்குப் போகவில்லை.

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தீர்ப்புக்கு முன்னால் விருத்தாசலம் கிளைச்சிறையில் அவன் எழுபது நாள் காவலில் இருந்ததைத் தண்டனையில் கழித்திருந்தார். ஒழுங்காக இருந்து வேலை செய்ததற்காக மாதா மாதம் கிடைத்த சலுகை நாள்களைக் கழித்திருந்தார். அது மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட வந்தது. அந்த எழுபது நாளும் வாரம் தவறாமல் விருத்தாசலம் போய்ப் பார்த்தவன் நான். அதை என் கணக்கில் சேர்க்கவே இல்லை. சலுகை நாள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கழிக்கக் கூடாததை ஒரு வருஷம் கழித்திருக்கிறேன், கழிக்க வேண்டியதைத் தொடவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் என்னை மூன்று தரம் பரீட்சை எழுத வைத்ததில் ஓர் அநியாயமும் இல்லை.

எழுந்து கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். "நெறைய பேரு இப்பிடித்தான் போட்டுக்கினு வராங்க, நீங்க மட்டும் இல்ல" என்று ஆறுதல் சொன்னார். "ஆனா டபுள் டூட்டின்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றும் சொன்னார்.

திரும்ப வலைக்கு வந்தேன். நேரம் முடியப்போகிறது என்று சொல்லி இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். மச்சான் ஒரு மெல்லிய துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவன் அக்கா கொடுத்தனுப்பிய கம்பளிப் போர்வை எங்கே என்று கேட்டேன்.

"தையில போயிடுவேன்னு சொன்னீங்க இல்ல. பக்கத்துல ஒரு பெரியவரு இருமிக்கினே இருந்தாரு. கார்த்திகையிலயே குடுத்துட்டேன்."

"திருப்பிக் கேளேண்டா."

"குடுத்தத எப்பிடி மாமா கேக்கறது?"

மார்கழிக் குளிரில் அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தது என் கணக்கால். அவன் கல்யாணப் பேச்சை எடுத்தான். "கல்யாணத்துக்கு லீவு கேட்டா போலீசோட அனுப்புவாங்களாம் மாமா. காக்கிச் சட்ட நின்னுக்கினு இருக்க நான் எம்பொண்ணு கையப் புடிக்க மாட்டேன். நீங்களே நில்லுங்க. மாசியிலயே நடத்திடுங்க. நல்ல எடம், வுட்ராதீங்க."

அப்பன் இப்படிச் சொல்கிறான், பெண் அப்படிச் சொல்கிறாள். நடுவே அச்சடித்த பத்திரிகையோடு நான்.

வீட்டில் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பெண் மட்டும் பத்திரிகைக் கட்டை எடுத்து அலமாரியின் மேல் வைத்தாள். "அவங்க பொறுத்தா ஆவணியில. பொறுக்கலன்னா வாணாம். போய்ச் சொல்லிட்டு வாங்க மாமா" என்றாள். குரல் உடையாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நானும் என் மனைவியும் பண்ருட்டி போய் பஸ் மாறி மேல்பட்டாம்பாக்கம் போனோம். மடியில் தேங்காய், பழம், பூ. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். பண்ருட்டி தாண்டியதும் ஒரு யோசனை உதித்தது.

"ஜோசியர் சொன்னாருன்னு சொல்லிடலாமா? பொண்ணுக்கு மாசியில சனி பார்வை சரியில்ல, ஆவணியிலதான் குரு பலம்னு."

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீங்க போட்ட தப்புக் கணக்குக்குச் சனீஸ்வரன எதுக்குங்க இழுக்கறீங்க? அவரு பாட்டுக்கு அவரு வேலையப் பாத்துக்கினு இருக்காரு. வாரா வாரம் எள்ளு வெளக்கு போட்டுட்டு வந்து அவரு தலையிலயே கட்டுறீங்களே."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதோடு ஜோசியர் போய்விட்டார்.

சம்பந்தி வீட்டில் காபி கொடுத்தார்கள். காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா போன், கற்பூரத் தட்டு, டபுள் டூட்டி, வடலூர் பஸ், முருகன் மேல் பண்ணின பொய்ச் சத்தியம், எதையும் விடவில்லை. "தப்பு முழுக்க என்னுதுங்க. பொண்ணு மேல கோவப்படாதீங்க. அது அவங்கப்பா வர்ற வரைக்கும் காத்திருக்கணும்ன்னு சொல்லுது. நீங்க வாணாம்னு சொன்னாலும் அதுல தப்பு இல்ல" என்று முடித்தேன்.

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க மைன்ஸ்ல என்னா வேலைங்க பாக்கறீங்க?"

"பெல்ட்டு ஓட்டறேங்க."

"நல்லவேள. கணக்குல இல்ல."

மாப்பிள்ளை உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சம்பந்தியம்மா கையை நீட்டி எண்ணினார். "மாசியில இருந்து ஆவணி ஆறு மாசம். ஒரு வருசம் பொறுத்தாச்சு, ஆறு மாசத்துல என்னா. ஆனா ஒண்ணுங்க. இனிமே தேதிய நீங்க சொல்லக் கூடாது. ஜெயில் காயிதத்த இங்க கொண்டாந்து காட்டுங்க. நாங்களே படிச்சுக்கறோம்."

ஒத்துக்கொண்டேன். காபி ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தேன்.

தை வந்தது, போனது. மாசி வந்தது, முகூர்த்த நாளும் வந்தது, போனது. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. மச்சான் வந்தால் எடுப்பதாகத்தானே வேண்டுதல், அவன்தான் வரவில்லையே என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் சாமி தையில் விடுவதாக எப்போது சொன்னார்? சொன்னது நான்தானே. வேலுடையான்பட்டுக் கூட்டத்தில் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். வழியெல்லாம் வேறு எதையும் கேட்கவில்லை. மன்னித்துக்கொள் அப்பா, மன்னித்துக்கொள் என்பது மட்டும்தான். இன்னொரு போர்வையையும் வாங்கி மச்சானுக்குக் கொடுத்தனுப்பினோம். பங்குனி வெயிலில் கம்பளிப் போர்வை. அதிலும் நாலு மாதம் பிந்தித்தான் இருந்தேன்.

ஆடியில் காகிதம் கைக்கு வந்தது. விடுதலை நாள் தெளிவாக அச்சடித்திருந்தது. நாட்காட்டியில் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வார ஓய்வும் ஞாயிறுதான். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? காகிதத்தை மேல்பட்டாம்பாக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் படித்து ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஞாயிறு காலையில் எல்லோரும் போய் அவனை அழைத்துவர ஒரு வேன் சொல்லி வைத்தேன். மாலைக்கும் சொன்னேன். இந்தத் தடவை என்னுடைய சொந்தக் கணக்கு எதுவும் இல்லை, அரசாங்கக் காகிதம், எப்படித் தப்பும் என்று நிம்மதியாக இருந்தேன்.

சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து மத்தியானம் வண்டியில் வீட்டுக்கு வந்தேன். தெருவில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஓடினேன். மச்சான் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் அவன் மனைவி, ஒரு பக்கம் அவன் அக்கா. மகள் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். தட்டில் சாதம் மலை மாதிரி இருந்தது.

"என்னாடா, நாளைக்கில்ல?"

"ஞாயித்துக்கெழம விழுந்தா முந்தின நாளே வுட்ருவாங்களாம் மாமா. காலையிலயே வுட்டுட்டாங்க. பஸ் ஏறி வந்துட்டேன்."

"வேன் சொல்லியிருக்கேனே. மாலைக்கும் சொல்லியிருக்கேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொன்னது சொல்லிட்டீங்க. நாளைக்குப் போய் ஜெயிலுக்கு ஒரு மாலையப் போட்டுட்டு வந்துடுங்க" என்றான். வீடே சிரித்தது. மூன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. நான் அதில் சேர்ந்து சிரிப்பதா, கதவைப் பிடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் நின்றேன். இரண்டையும் செய்தேன். ஏககாலத்தில்.

ஆவணி முகூர்த்தத்தில் மணவறைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்திருந்தார்கள், தாம்பாளம் பிடிக்க. மச்சான் மகளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் கைமேல் வைத்தான். தங்கச்சி சொம்பிலிருந்து தண்ணீர் வார்த்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, "கையை எடுத்துக்கோங்க" என்றார். அவன் எடுக்கவில்லை. தண்ணீர் தாம்பாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஐயர் இன்னொரு தரம் சொன்னார். அப்போதும் எடுக்கவில்லை.

சம்பந்தியம்மா குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "வுடுங்க சம்பந்தி. நாங்க ஒண்ணும் ஜெயிலுக்குக் கூட்டிக்கினு போகல. பண்ருட்டி பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம்."

மச்சான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது. மெதுவாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை விட்டான்.